வெட்டாமல் விட்ட ஒன்றரை ஏக்கர்

ஆர்லிஸ் ஹாகனுக்கு ஊராட்சி மாதிரியான எங்கள் டவுன்ஷிப் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: பெத்தானி கல்லறைத் தோட்டத்தில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை புல் வெட்டுவது. பதினான்கு வருடம் அந்த வேலையைப் பார்த்தார். அதில் ஒன்பது வருடம் பாதிக்கு மேல் வெட்டவே இல்லை. டவுன்ஷிப் எழுத்தர் நான். நடவடிக்கைக் குறிப்பேடு முழுக்க என் கையெழுத்துதான். முதல் ஏழு வருடம் எனக்கே அது தெரியாது.

அந்தப் பெண்மணிக்கு முதல் வேலை பள்ளிப் பேருந்து ஓட்டுவது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. இடையில் கிடைக்கும் நேரத்தில் கல்லறைத் தோட்டம். சுற்றிலும் மக்காச்சோளம், நடுவில் இரண்டரை ஏக்கர், ஒரு கம்பி வேலி. தெற்குப் பக்கம் ஓர் ஏக்கரில் நாற்பத்து மூன்று நடுகற்கள். வடக்கே ஒன்றரை ஏக்கர் வெற்றிடம். பிறகு வரப்போகிறவர்களுக்கென்று முதல் குடியேறிகள் ஒதுக்கி வைத்தது. தேவாலயம் இடம் மாறிப் போனது, அடக்கப் பதிவேடு தொலைந்தது, 1911-க்குப் பிறகு யாரையும் அங்கே புதைக்கவில்லை.

2005 ஜூனில் புல் வெட்டும் வண்டியின் பெல்ட் அறுந்தது. மாற்றுப் பெல்ட் வர மூன்று வாரம் ஆயிற்று, அதற்குள் நல்ல மழையும் பெய்தது. ஆர்லிஸ் வண்டியோடு திரும்பி வந்தபோது வடக்குப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. நின்றது புல் மட்டும் அல்ல. சாம்பல் பூத்த இலையும் ஊதாக் கதிருமாக ஒரு குட்டைச் செடி இருந்தது. கையகல இலைகளை வடக்கு தெற்காகத் திருப்பி வைத்துக்கொண்டு இன்னொன்று இருந்தது. இவற்றை யார் நட்டது என்று அவர் முதலில் என்னிடம்தான் தொலைபேசியில் கேட்டார். யாரும் நடவில்லை என்றேன். அப்படியானால் இத்தனை வருடம் எங்கே இருந்தன என்று கேட்டார்.

அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதனால்தான் வெட்டவில்லை. பார்ப்பதற்காக ஒரு வருடம் விட்டார், அடுத்த வருடமும் விட்டார். நூலகத்தில் ஒரு செடிப் புத்தகம் எடுத்து, நான்கு முறை தவணை நீட்டினார். விதைக் கம்பெனி விலைப்பட்டியலின் பக்கங்களுக்கு நடுவே இலைகளை அழுத்தி வைத்தார். பேருந்து இருக்கைக்கு அடியில் எப்போதும் ஒரு சுருள்கம்பி நோட்டு இருக்கும். முதல் வருடம் அதில் ஏறியவை நான்கு பெயர்கள். ஒன்பதாம் வருடம் நூற்றுப் பன்னிரண்டு. தெரியாத செடிக்குப் பெயர் எழுத மாட்டார். 'தெரியாதது 31' என்று எண் போட்டு வைத்து, பூக்கும் வரை காத்திருப்பார். ஒரு செடி பூக்க ஆறு வருடம் எடுத்துக்கொண்டது. அவரும் ஆறு வருடம் காத்திருந்தார்.

செப்டம்பரில் ஒரு குத்துப் புல் பூக்கும்போது அங்கே சோளப்பொரி வாசம் வீசும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு செப்டம்பர் ஆயிற்று. மண்டியிட்டு ஒவ்வொரு குத்தாக முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

இரண்டு விஷயங்களை அவராகவே கவனித்திருந்தார். முதலாவது, வேலிக்கு இந்தப் பக்கம் நிலம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம். வேலியைத் தாண்டி, பக்கத்து விவசாயி கோர்டன் பெக்கின் சோள வயலில் இறங்கினால் கிட்டத்தட்ட இரண்டடி இறங்கவேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு யாரும் மண் கொட்டவில்லை. நூற்றைம்பது வருட உழவில் வயல்தான் கரைந்து கீழே போயிருந்தது. இரண்டாவது, அந்தச் சாம்பல் இலைச் செடி. எங்கள் பக்கத்துப் பழைய விவசாயிகள் அதை ஷூ நாடா என்பார்கள். முதல் முதலில் கலப்பை போட்டபோது அதன் வேர்கள் நாடா அறுகிற மாதிரி பட் பட் என்று அறுந்ததாம். அது மண்ணுக்குள் பத்துப் பன்னிரண்டு அடி இறங்குகிற செடி. ஒரு தடவை தோண்டிப்போட்ட இடத்துக்குத் திரும்பி வராது. நடுகற்கள் உள்ள தெற்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. வடக்கில் அடிக்கொன்று இருந்தது.

வெளியூர்ச் செடி எதுவும் உள்ளே வந்தால் ஆர்லிஸுக்குப் பொறுக்காது. தீவனப் புல், காட்டு முள்ளங்கி, யார் வீட்டுத் தோட்டத்திலிருந்தாவது தப்பி வந்த பூச்செடி என்று எதைப் பார்த்தாலும் வேரோடு பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டு போவார். பிடுங்கியதையும் நோட்டில் எழுதுவார்.

2012-இல் நகரம் எங்களை எட்டியது. டி மொய்ன் நகரத்தின் விளிம்பு மூன்று மைல் தள்ளி இருந்தது, இரண்டே கோடையில் கல்லறைத் தோட்டத்தின் வேலி வரை வீடுகள் வந்து நின்றன. தெருக்களுக்கெல்லாம் காட்டுப்பூக்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். அதில் ஒரு பூவின் பெயர் கொண்ட தெருவிலிருந்துதான் முதல் புகார் வந்தது. கல்லறைத் தோட்டம் களை மண்டிக் கிடக்கிறது, செத்தவர்களுக்கு நீங்கள் காட்டும் மரியாதை இதுதானா என்று கேட்டிருந்தார்கள். அந்தக் களையில் முன்வரிசையில் நின்று பூத்திருந்தது அவர்கள் தெருவின் பூதான்.

2014 மார்ச்சில் வீடு கட்டுகிறவர் கடிதம் எழுதினார். வடக்குப் பக்க ஒன்றரை ஏக்கரை டவுன்ஷிப் விற்குமானால், கூரைகளிலும் சாலைகளிலும் வடியும் மழைநீருக்கு அங்கே குளம் வெட்டிக்கொள்வார். டவுன்ஷிப்பை நடத்தும் அறங்காவலர்கள் மூன்று பேர். தலைவர் கோர்டன் பெக், லோயிஸ் ஆம்டல், கோர்டனின் மைத்துனர். சாலை இயந்திரங்கள் நிற்கும் கொட்டகையின் கூரை ஐந்து வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கோர்டன் விற்கலாம் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒழுகும் கூரையின் அடியில் கூட்டம் நடத்தி அலுத்துப் போனவர்.

எங்கள் ஊர்களில் கல்லறை நிலத்தில் மண்வெட்டி படுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. கம்பி பிடிப்பவரைக் கூப்பிட்டு நடக்கச் சொல்லவேண்டும். டெல்மர் ஸ்டூவே எழுபத்தெட்டு வயதுக்காரர். ஒரு காலத்தில் கிணறு தோண்டியவர். ஒரு முழ நீளத்தில் வளைத்த இரண்டு வெல்டிங் கம்பிகளைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பார். கீழே ஆள் இருந்தால் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகத் திரும்பும். சுற்றியுள்ள நான்கு மாவட்டங்களில் பெயர் தெரியாத கல்லறைகளை அவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். நம்புகிறவர்கள் நம்புவார்கள், நம்பாதவர்களும் அவர் சொன்ன இடத்தில் தோண்டமாட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் டெல்மர் வடக்குப் பக்கம் நடந்தார். கம்பி பத்தொன்பது இடத்தில் திரும்பியது. பத்தொன்பது ஆரஞ்சுக் கொடிகள் நட்டார். கல்லறை இருக்கிற நிலத்தை விற்க முடியாது என்று எங்கள் வக்கீல் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் விற்பனை அன்றோடு நின்றது.

ஆர்லிஸின் சந்தோஷம் ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாளே கோர்டன் கூப்பிட்டார். அங்கே பத்தொன்பது பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அப்படியே விட்டுவைக்க முடியாது, மே கடைசியில் நினைவு நாள் வருகிறது, ஊர் முழுக்கப் பூ வைக்க வரும், அதற்குள் மொத்த இடத்தையும் தரையோடு வெட்டிவிட வேண்டும், இனி வாரா வாரம் வெட்டவேண்டும் என்றார். எங்கள் ஊரில் இறந்தவர்களுக்குக் காட்டும் மரியாதைக்குப் புல் இரண்டரை அங்குலம் இருக்கவேண்டும்.

மூன்று கோடை வாரா வாரம் வெட்டினால் மிஞ்சுவது வெறும் தீவனப் புல்தான் என்பது ஆர்லிஸுக்குத் தெரியும். வடக்கில் நடுகற்களை ஒட்டிய ஓரத்தை மட்டும் முதல் ஐந்து வருடம் அப்படி வெட்டினார், மற்றதை எப்போதாவதுதான்; அந்த ஓரம் இன்னும் மீளவில்லை. கல்லறை இருக்கிறது என்றால் வெட்டவேண்டும். இல்லை என்றால் விற்றுவிடுவார்கள், குளம் வெட்டுவார்கள்.

அந்த வாரம் மூன்று நாள், காலை நடை முடிந்ததும் பேருந்தை வேலியோரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கொடியையும் சுற்றி மண்டியிட்டுப் பார்த்தார். இரண்டு முழத் தூரத்துக்குள் என்னென்ன செடி, எத்தனை குத்து என்று எண்ணினார். பதினேழு கொடிகளைச் சுற்றி ஷூ நாடாவும் அதன் கூட்டாளிகளும் நெருக்கமாக இருந்தன. அங்கே யாரும் ஒருபோதும் தோண்டியதில்லை. பதினொன்றாம் கொடியிலும் பன்னிரண்டாம் கொடியிலும் அந்தச் செடிகள் இல்லை. காரணம் விளங்கவில்லை. நோட்டில் அந்த இரண்டு இடத்துக்கும் நேரே வெற்றாக விட்டார்.

பிறகு டெல்மர் வீட்டுக்குப் போனார். கூட்டத்தில் எல்லார் முன்னிலும் அவரை மறுத்துப் பேசுவதற்கு முன், அவரிடமே சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்தார். வெறுங்கையோடு போகாமல் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்த இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு போனார். இதையெல்லாம் பின்னால் என்னிடம் சொன்னவர் டெல்மர்தான்.

டெல்மர் தட்டைப் பார்த்தார். "நீ ருபார்ப் கொண்டாந்திருக்கேன்னா ஏதோ கெட்ட சேதி."

"மூணு நாள் முட்டி போட்டுப் பாத்தேன், டெல்மர். பதினேழு கொடிக்கு அடியில யாரும் இல்ல."

"கொடி பத்தொம்போது."

"ரெண்டு எனக்குத் தெரியல."

"தெரியலன்னு உன் வாயால கேக்கறது இதான் மொத தடவ." ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "அப்ப நான் பொய் சொல்றேங்கற."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. கம்பி தப்புங்கறேன்."

"கம்பி என் கையிலதானம்மா இருந்துச்சு."

ஆர்லிஸ் நோட்டைத் திறந்து காட்டினார். டெல்மர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். செடிப் பெயர்கள் அவருக்குப் பாதி புரியவில்லை. ஷூ நாடாவை மட்டும் தெரியும். கிணறு தோண்டும்போது அந்த வேர் எவ்வளவு ஆழம் வரும் என்று கண்ணால் பார்த்திருக்கிறார்.

"சரி, இத நீ சொன்னா அந்த வீடு கட்றவன் குளம் வெட்டிருவானே. வாய மூடிட்டு இருந்தா நெலமாவது இருக்கும்."

"கல்லற இருந்தா புல்ல வெட்டணும். வெட்டினாலும் போயிரும், தோண்டினாலும் போயிரும். போறதுதான்னு ஆயிட்டா, என்ன போச்சுங்கறதயாவது சரியா எழுதி வெச்சுட்டுப் போகட்டும்."

டெல்மர் இரண்டாவது துண்டையும் தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "கொழா தேடற கம்பி ஒண்ணு ஷெட்ல கெடக்கு. சனிக்கெழம எடுத்தாரேன். என் கம்பி தப்புன்னா அத இன்னொரு கம்பி சொல்லட்டும். உன் நோட்டு சொல்ல வேணாம்," என்றார்.

எங்கள் வயல்களுக்கு அடியில் களிமண் வடிகால் குழாய்கள் புதைந்து கிடக்கின்றன. அடைப்பு எங்கே என்று தேட, மேலே குறுக்குப் பிடி வைத்த ஐந்தடி இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் குத்திப் பார்ப்போம். தோண்டாத மண் இரண்டடிக்குக் கீழே இறுகிக் கிடக்கும், கம்பி நின்றுவிடும். ஒரு தடவை தோண்டி மூடிய மண் எத்தனை வருடம் போனாலும் கொஞ்சம் இளக்கமாகத்தான் இருக்கும். இது இங்கே உழுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கல்லறைக்கு அதைப் பயன்படுத்த யாருக்கும் தோன்றியதில்லை, டெல்மரின் கம்பி இருந்ததால்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். ஆர்லிஸ் எழுந்து, பதினேழு இடங்களில் கல்லறை இல்லை என்று நோட்டைப் பார்த்து வாசித்தார். வடக்குப் பக்கத்தில் மண்வெட்டியோ கலப்பையோ பட்டதே இல்லை, இந்த டவுன்ஷிப்பின் முப்பத்தாறு சதுர மைலில் அப்படி மிஞ்சியிருப்பது இந்த இடம் ஒன்றுதான் என்றார். கோர்டனின் மைத்துனர், "அப்ப வித்துரலாமா?" என்றார். டெல்மர் எழுந்து வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். அவர் வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு எங்களுக்காக நின்றார். எல்லாரும் கிளம்பிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

முதலில் தெற்குப் பக்கம், 1874 என்று செதுக்கிய கல்லுக்கு முன்னால் குத்தினார். கம்பி பிடிவரை இறங்கியது. தொப்பியைக் கழற்றி அந்தக் கல்லிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கம்பியை உருவினார். பிறகு முதல் கொடி. முழங்கால் ஆழத்தில் நின்றது. எடையைக் கொடுத்து அழுத்தினார். அசையவில்லை.

"இல்ல," என்றார். கொடியைப் பிடுங்கித் தன் பையில் செருகிக்கொண்டார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்.

இரண்டாம் கொடியிலும் மூன்றாம் கொடியிலும் அதேதான். ஒவ்வொரு தடவையும் அவரே குத்தினார், அவரே இல்லை என்றார். கோர்டன் முன்வந்து தான் குத்துவதாகச் சொன்னபோது தரவில்லை. ஆறாம் கொடியில் கம்பியை உருவியபோது நுனியில் மண் ஒட்டி வந்தது. கோர்டன் அதை வழித்து விரல்களுக்கிடையில் தேய்த்தார், முகர்ந்தார், உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். பொடியாமல் கொழுக்கட்டை மாதிரி நின்றது. அத்தனை கறுப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டடி கீழே கிடந்த தன் வயலைப் பார்த்தார். அவர் குடும்பத்தில் ஐந்து தலைமுறை உழுத நிலம். கைக்குட்டையை எடுத்து அந்த மண்ணை அதில் முடிந்துகொண்டார்.

பத்தாம் கொடி வரை இல்லை.

பதினொன்றில் கம்பி இறங்கியது. டெல்மர் எதிர்பார்க்காததால் முன்னால் சாய்ந்தார், லோயிஸ் அவர் தோளைப் பிடித்தார். உருவி, ஒரு சாண் தள்ளிக் குத்தினார். இறங்கியது. இன்னும் ஒரு சாண் தள்ளினால் நின்றது. அப்படியே சுற்றி வந்து குத்தியதில் ஓர் ஓரம் தெரிந்தது: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். பன்னிரண்டாம் கொடியில் அதைவிடச் சின்னது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

லோயிஸ்தான் ஆர்லிஸைக் கேட்டார். "இங்க என்ன மொளச்சிருந்துச்சு? உன் நோட்டுல இருக்குமே."

ஆர்லிஸ் பழைய பக்கங்களைப் புரட்டினார். அவர் குரல் எப்போதும் பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கிற குரல். அன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"2008 மே. பள்ளத்தாக்கு லில்லி, ஒரு பத்தை. வீட்டுத் தோட்டத்துலேர்ந்து தப்பி வந்தது. பிடுங்கியாச்சு. 2009 மே. லில்லி மறுபடியும். பிடுங்கியாச்சு. 2010..."

"போதும்மா," என்றார் லோயிஸ். "எங்கம்மாவுக்கும் அதத்தான் வெச்சிருக்கோம்."

தெற்குப் பக்கத்தில் பாதிக் கல்லறைகளில் அந்த வெள்ளை மணிப்பூ இருக்கிறது. கல் வைக்க வசதி இல்லாதவர்கள் அதை நட்டுவிட்டுப் போவார்கள், நிழலோ வெயிலோ அது சாகாது. ஆர்லிஸுக்கு இது தெரியாததல்ல. ஆனால் வடக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தபோது வெளியூர்ச் செடி என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை. ஏழு வசந்தம் பிடுங்கியிருக்கிறார். அது ஏழு வசந்தமும் திரும்பி வந்திருக்கிறது. இது ஏன் திரும்பத் திரும்ப இங்கேயே வருகிறது என்ற கேள்வி மட்டும் அந்த நோட்டில் எங்கும் இல்லை.

மீதி ஏழு கொடிகளிலும் கம்பி இறங்கவில்லை. டெல்மர் பிடுங்கிய கொடிகளோடு ஆர்லிஸ் பக்கத்தில் வந்தார். "பத்தொம்போதுல ரெண்டு எனக்கு. பதினேழு உனக்கு. ஆனா தப்புல நீயும் நானும் ஒண்ணுதான்."

"மத்த பதினேழுக்கும் ஏன் கம்பி திரும்புச்சு, டெல்மர்?"

"தெரியல," என்றார். "இப்ப எனக்கும் அதத் தெரிஞ்சுக்கணும் போலத்தான் இருக்கு."

வேலியோரம் நின்றபடியே கூட்டத்தை முடித்தோம். இரண்டு குழந்தைகள் இருக்கிற நிலத்தை விற்க முடியாது, அதில் மூன்று பேருக்கும் ஒரே வாக்கு. புல் வெட்டுவதில்தான் பேச்சு வந்தது. மைத்துனர் முழுவதும் வெட்டவேண்டும் என்றார். லோயிஸ் கல்லறைகளை மட்டும் வெட்டினால் போதும் என்றார். எல்லாரும் கோர்டனைப் பார்த்தோம். அவர் கை சட்டைப் பைக்குள், கைக்குட்டையின்மேல் இருந்தது.

"வெட்டாம விட்டா பெட்ரோலும் மிச்சந்தான்," என்றார்.

இரண்டுக்கு ஒன்று. அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன். கொட்டகைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. வீடு கட்டுகிறவர் குளத்தைத் தன் நிலத்திலேயே வெட்டிக்கொண்டார். புகார் வருவதும் நின்றுவிடவில்லை. அடுத்த ஏப்ரலில், பழைய புல் எரிந்தால்தான் அந்தச் செடிகள் தழைக்கும் என்று ஆர்லிஸ் கேட்டுக்கொண்டபடி எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படை வடக்குப் பக்கத்தைக் காற்றடிக்காத ஒரு பகலில் எரித்தது. அவர்களுக்கு அது பயிற்சி, அந்த நிலத்துக்கு அது பழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் கோடையில் 'தெரியாதது' வரிசையில் புதிதாக நான்கு எண்கள் ஏறின.

அந்த இரண்டு சின்ன இடங்களை டெல்மர்தான் பார்த்துக்கொள்கிறார். இயந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் மற்றதெல்லாம் நசுங்கும். அதனால் கையால் தள்ளும் பழைய புல்வெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு, நெஞ்சு உயரப் புல்லுக்குள் ஒற்றையடியாக நடந்து போய் இரண்டு பாய் அளவு வெட்டிவிட்டு வருகிறார்.

அந்தக் குழந்தைகள் யார் என்று ஆர்லிஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். மாவட்ட ஆவணங்கள், இடம் மாறிய தேவாலயத்தின் பரண், குடியேறிகளின் கடிதங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. நோட்டில் 2008 முதல் 2014 வரை ஏழு இடத்தில் 'பிடுங்கியாச்சு' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறார், கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி.

போன மே மாதம் அவரோடு உள்ளே போனேன். வாளி நிறையக் களை பிடுங்கிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தை அடைந்ததும் வாளியைக் கீழே வைத்தார். வெட்டிய இரண்டு கட்டங்களுக்கும் நடுவே பள்ளத்தாக்கு லில்லி மூன்று இலை விட்டிருந்தது. ஓரத்தில் ஒரு தண்டு கட்டத்தைத் தாண்டி, ஷூ நாடாவின் அடிவரை போயிருந்தது. ஆர்லிஸ் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, நாள் போட்டு, 'லில்லி, ஒரு முழம் கிழக்கே' என்று எழுதினார். வாளியைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார்.